களிம்பும் காப்பும்

ஆற்றங்கரையில் அமைந்த ஒரு சிற்றூர். மார்கழித் திங்கள், நள்ளிரவு கடந்துவிட்டது. ஊரின் தென்கோடியிலுள்ள ஒரு வீட்டில் இளம்பெண் ஒருத்திக்குப் பேறுகால வலி கண்டிருந்தது. மருத்துவமனையோ 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அவசர ஊர்தி வேறோர் ஊருக்குச் சென்றிருந்தமையால் அது வந்துசேரக் காலந்தாழும் எனத் தெரிந்தது. ஆகவே, அண்டை வீட்டாரின் வேனை அமர்த்தினர். பெண்ணை ஏற்றியாயிற்று, உடன் செல்லும் தாயும் ஏறி அமர்ந்தாள். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார்.

'டக்' என்றோர் ஓசை எழுந்தது. அவ்வளவே. இயந்திரம் அசையவில்லை.

மீண்டும் திருப்பினார், மீண்டும் அதே ஓசை. முகப்பு விளக்குகள் தெருக்கோடிவரை ஒளி வீசிக்கொண்டிருந்தன. ஊதுகுழலை அழுத்தினால் ஊரே விழித்துக்கொள்ளும்படி முழங்கிற்று. ஆயினும், சாவியைத் திருப்பிய நொடியில் விளக்குகள் மங்கின. இயந்திரமோ வாய் திறக்க மறுத்தது. வண்டியைத் தள்ளிப் பார்க்கலாமென்றால், எதிரே மேடு. அதுவும் மழையால் சேறாகிக் கிடந்தது.

கூட்டத்தின் ஆரவாரம் கேட்டு முதியவர் ஒருவர் கையில் விளக்குடன் வந்தார். அவர் பேருந்துப் பணிமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "விளக்கு நன்றாக எரிகிறதே, பெரியப்பா! பாட்டரியில் மின்சாரம் இருக்கிறதே! வண்டி ஏன் கிளம்பவில்லை?" என்று ஓட்டுநர் பதறினார். முதியவர் மறுமொழி கூறவில்லை. முன்மூடியைத் திறக்கச் செய்து, விளக்கைப் பாட்டரியின் மேல் பிடித்தார். நேர்முனையைச் சுற்றிப் பூப்பூத்தாற்போல வெண்மையும் நீலமுமாக ஏதோ படிந்திருந்தது. விரல்நுனியால் கவ்வியைத் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, சாவியை எடுத்துவிடு. ஸ்பானரும் ஒரு கத்தியும் ஒரு செம்பு நீரும் கொண்டு வா" என்றார்.

எதிர்முனையின் கவ்வியை முதலிற் கழற்றினார். பிறகு நேர்முனையின் கவ்வியைக் கழற்றினார். நீர் ஊற்றித் துடைத்து, முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் ஈயம் பளிச்செனத் தோன்றுமளவும் கத்தியாற் சுரண்டினார். நேர்முனையை முதலிலும் எதிர்முனையைப் பின்னரும் பொருத்தி இறுக்கினார். பத்து நிமிடங்கூடச் சென்றிராது. ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும் இயந்திரம் முழங்கிற்று. பொழுது புலருமுன் பெண் மருத்துவமனையில் இருந்தாள்.

பாட்டரியிலோ இயந்திரத்திலோ எந்தக் குறையும் இல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் கம்பியும் நன்றாகவே இருந்தது. அந்தக் கம்பியின் நுனி பாட்டரியின் முனையோடு பொருந்தும் இடத்தில், நகத்தின் கனமுங்கூட இல்லாத ஒரு படலமே வண்டியை நிறுத்திவைத்தது. விளக்குக்கு வழிவிட்ட அப்படலம் இயந்திரத்துக்கு மட்டும் வழிவிட மறுத்தது எவ்வாறு?

முற்காலத்தில் மோட்டார் வண்டியின் இயந்திரத்தை முடுக்குவதற்கு, வண்டியின் முன்புறம் ஒரு வளைந்த இரும்புக் கம்பியைச் செருகிக் கையாற் சுழற்றுவர். அது பின்னோக்கி உதைத்துக் கையை முறிப்பதும் உண்டு. 1912-ஆம் ஆண்டு முதல், சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின் முடுக்கியைக் காடிலாக் வண்டிகளிற் பொருத்தினர். ஆளின் தோள் செய்த வேலை பாட்டரியின் தலையில் ஏறிற்று. அவ்வேலை சில நொடிகளே நிகழ்வது. ஆனால், மிகவும் கடுமையானது. வண்டியின் விளக்குக்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் போதும். முடுக்கியோ 150 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும்.

மின்னோட்டம், மின்னழுத்தம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தடையை மின்னோட்டத்தாற் பெருக்கினால், அத்தடையில் இழக்கப்படும் வோல்ட்டு கிடைக்கும் என்பதே அவர் கண்ட விதி. பள்ளியில் இதனை மனப்பாடம் செய்யாதார் இலர். ஆனால், இதனை வண்டியின் முன்மூடிக்குக் கீழே கண்டோர் சிலரே. முனையிற் படிந்த படலத்தின் தடை, ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்வோம். 5 ஆம்பியர் செல்லும்போது அங்கே இழக்கப்படுவது கால் வோல்ட்டு. 12 வோல்ட்டில் கால் வோல்ட்டுக் குறைந்தால் விளக்கின் ஒளியிற் கண்ணுக்கு வேறுபாடே தோன்றாது. முடுக்கியைத் தூண்டும்போதோ 100 ஆம்பியர் அவ்வழியே செல்ல முற்படும். அப்பொழுது இழப்பு 5 வோல்ட்டு. எஞ்சும் 7 வோல்ட்டைக் கொண்டு முடுக்கி இயந்திரத்தைச் சுழற்ற இயலாது; ஆதலின், 'டக்' என்று முனகிவிட்டு ஓய்கிறது.

இழந்த ஆற்றல் எங்கே சென்றது? 5 வோல்ட்டை 100 ஆம்பியராற் பெருக்கினால் 500 வாட்டு ஆகும். துணி தேய்க்கும் மின்பெட்டி கொள்ளும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, ஒரு விரற்கடை அளவுள்ள இடத்தில் வெப்பமாக வெளிப்பட்டது. முதியவர் கையை இழுத்துக்கொண்டது அதனாலேயே. வெப்பத்தைக் கையால் அறிவதைவிட நல்ல முறை ஒன்றுண்டு. வோல்ட்டுமானியின் ஒரு முள்ளை ஈய முனையின் நடுவிலும், மற்றொரு முள்ளை அதனைக் கவ்வியிருக்கும் கவ்வியிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். இணைப்பு நல்லதாயின் மானி ஏறத்தாழச் சுழியையே காட்டும். வோல்ட்டுக் கணக்கில் ஏறுமாயின், குற்றம் அங்கேயே உள்ளது. இதனை அறியாது புதிய பாட்டரியை விலைக்கு வாங்கியோர் பலர். பழைய பாட்டரியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது, கடைக்காரர் கவ்வியைச் சுரண்டி விடுவார், வண்டியும் ஓடும். புதிய பாட்டரியாலேயே குறை தீர்ந்ததென வாங்கியவரும் மகிழ்வார்!

இனி, அந்தப் பூ எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். வண்டிகளிலும், மின்சாரம் தடைப்படும்போது வீட்டு விளக்கை எரிக்கும் இன்வர்ட்டர்களிலும் பெரும்பாலும் உள்ளது ஈய-அமிலப் பாட்டரியாகும். பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859-ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். இரண்டு ஈயத்தகடுகளைத் தம்முள் தொடாதவாறு சேர்த்துச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்திச் சேமித்து, மீண்டும் பெற்றார். இன்றுள்ள பாட்டரியின் உறுப்புகள் திருத்தமுற்றிருப்பினும் அடிப்படை அதுவே. ஓர் அறை 2 வோல்ட்டுத் தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட்டு ஆகும். மின்னேற்றம் முற்றிய நிலையில், உள்ளிருக்கும் நீர்மத்தில் எடையளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலமே.

மின்னேற்றம் முடியும் தறுவாயில், அறைகளிலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழ்களாக எழும். சோறு கொதிக்கையில் கஞ்சித் துளிகள் தெறிப்பதுபோல, அக்குமிழ்கள் வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளிகள் காற்றோடு வெளியேறும். வேறொரு வழியும் உண்டு. ஈயமுனை பாட்டரியின் மூடியைத் துளைத்து மேலெழும் இடத்தில் பூசப்பட்ட அடைப்பு, நாட்பட நாட்பட அதிர்ச்சியால் விரிசல் காணும். அவ்விரிசலின் வழியே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அமிலம் மெல்ல மெல்ல மேலேறும். அடைப்புடைய புதுவகைப் பாட்டரிகளில் அமிலக் கசிவு குறைவு. எனினும், முனையின் அடைப்பு பழுதுற்றால் அவையும் விலக்கல்ல.

வெளிப்பட்ட அமிலம் தான் தீண்டிய ஒவ்வோர் உலோகத்தையும் ஒவ்வொரு நிறத்தில் மாற்றும். ஈயத்தைத் தீண்டியவிடத்து வெள்ளைப் பொடியாகிய ஈய சல்பேட்டு உண்டாகும். செப்புக் கம்பியையோ பித்தளைக் கவ்வியையோ காற்றின் துணையோடு அரித்தவிடத்து நீல நிறம் தோன்றும். அது செப்பு சல்பேட்டு. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் கொடுக்கும் பொருள். இரும்புத் திருகாணியை அரித்தவிடத்துப் பழுப்பு நிறம் காணும். ஆதலின், பூவின் நிறத்தைக் கொண்டே எவ்வுலோகம் அரிக்கப்படுகிறது என்று அறியலாம்.

இரும்பில் தோன்றுவதைத் துரு என்றும், செம்பில் தோன்றுவதைக் களிம்பு என்றும் தமிழர் பிரித்து வழங்கினர். உயிரைப் பற்றிய மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமையாகக் கூறுவது சைவ சித்தாந்த நூலோர் மரபு. களிம்பு செம்போடு உடன்தோன்றியது என்பது அவ்வுவமையின் உட்கிடை. வேதியியல் நூலார் இதனை உடன்படார். களிம்பு, செம்போடு காற்றும் ஈரமும் புளிப்பும் கூடிப் பிறப்பது என்பர் அவர். உவமைக்கு அது குறையன்று. பாட்டரி வைத்திருப்போருக்கோ அது நல்ல செய்தி. புறத்திருந்து வருவதாயின், வாராமற் காக்கவும் இயலுமன்றோ?

அமிலம் மட்டுமே பகையன்று. வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருப்பதும் பகையே. இதனை உலகுக்கு உணர்த்தியது ஒரு கப்பல். பழங்காலத்து மரக்கப்பல்களின் அடிப்புறத்தைக் கடற்புழுக்கள் துளைத்து அழித்துவந்தன. அதனைத் தடுக்க ஆங்கிலக் கடற்படையினர், 1761-ஆம் ஆண்டில் அலார்ம் என்னும் போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதும் செப்புத்தகடு போர்த்தனர். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்டது. 1763-இல் ஆராய்ந்தபோது, மரம் புழுத் தின்னாமல் நன்றாகவே இருந்தது. ஆனால், தகடுகள் பலவிடங்களிற் கழன்று போயிருந்தன. அவற்றைப் பிணித்த இரும்பாணிகள் உளுத்துப் போனமையே காரணம். அவற்றுள்ளும் சில ஆணிகள் கெடாமல் இருந்தன. உற்று நோக்கியபோது, அவற்றின் தலைக்கும் தகட்டுக்கும் இடையே பழுப்புத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. செப்புத்தகடுகள் தாளிற் சுற்றப்பட்டு வந்தவை. தொழிலாளர் சிலவிடங்களில் அத்தாளை நீக்காமலேயே ஆணி அறைந்துவிட்டனர். அவர்தம் சோம்பலே ஆணியைக் காத்தது! இரும்பும் செம்பும் கடல்நீரில் நேரே தொடலாகாது என்று கடற்படையார் தெளிந்தனர்.

ஏன் தொடலாகாது என்பதன் விடை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று. இத்தாலி நாட்டு வோல்ட்டா, 1800-ஆம் ஆண்டில் இருவேறு உலோகத் தட்டுகளை அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். உலகின் முதற் பாட்டரி அதுவே. அவ்வாறாயின், கடல்நீரில் நனைந்த செப்புத்தகடும் இரும்பாணியும் யாருடைய முயற்சியுமின்றித் தாமே ஒரு பாட்டரி ஆகிவிட்டன அல்லவா? அதில் இரும்பு தேய்ந்தது, செம்பு பிழைத்தது.

வண்டியின் பாட்டரி முனையிலும் இதுவே நிகழ்கிறது. ஈயமுனை, செப்புக் கம்பி, இரும்புத் திருகாணி ஆகிய மூன்றும் அமில ஈரத்தில் நனைந்து ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. பயன்படும் பாட்டரியின் தலைமேல், ஒருவரும் வேண்டாத குட்டிப் பாட்டரிகள் தோன்றி, இரவும் பகலும் உலோகத்தைத் தின்கின்றன. அவற்றுள் இரும்பே முதலில் இரையாகும். இக்காரணத்தாலேயே கவ்விகளைப் பெரும்பாலும் ஈயக் கலவையில் வார்க்கின்றனர். ஈயத்தை ஈயம் தொட்டால் பூசல் குறையும். கம்பியின் செப்பு நுனிக்கும் வெள்ளீயம் பூசுவது உண்டு. பித்தளைப் பாத்திரத்திற் புளிக்குழம்பு வைத்தாற் களிம்பேறும் என்று நம் வீடுகளில் ஈயம் பூசினார்களே, அத்தொழிலே இதுவும். ஈயம் என்று ஒரு பெயரால் வழங்கினும் பொருள் இரண்டு. ரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது; பாட்டரியின் முனை காரீயத்தால் ஆனது. இவ்விரண்டையும் மயக்கிக் கொள்ளலாகாது, காரீயம் நஞ்சு.

உலோகத்தை அரிப்பினின்று காக்க முனைந்தவருள் ஹம்ப்ரி டேவியின் கதை சுவையானது. செப்புத்தகடு கடல்நீரில் தேய்வதைத் தடுக்கும் வழி யாதென 1823-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையார் அறிவியலாரை வினவினர். இரும்பாணியின் கேட்டையே மருந்தாக்கினார் டேவி. செப்புத்தகட்டின் மேல் சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ பொருத்திவிட்டால், அச்சிறு துண்டு தேயும். பெருந்தகடு பிழைக்கும் என்று 1824-இல் காட்டினார். அவர் கூறியவாறே செம்பு தேயவில்லை. ஆனால், கப்பல்களின் அடியிற் கடற்பாசியும் சிப்பியினங்களும் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டன. கப்பல்களின் விரைவு குன்றிற்று. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து கடலில் நஞ்சூட்டி வந்தமையாலேயே அதுவரை அவ்வுயிர்கள் அண்டாதிருந்தன. செம்பு கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றது. அடுத்த ஆண்டிலேயே அக்காப்புகளை நீக்க நேர்ந்தது. டேவியின் வேதியியலில் பிழையில்லை. செம்பு எதற்காக அங்கே உள்ளது என்பதுதான் கணக்கில் வரவில்லை. அவருடைய முறை பிற்காலத்தில் இரும்புக் கப்பல்களிலும் நிலத்தடிக் குழாய்களிலும் நன்கு பயன்பட்டு வருகிறது.

பாட்டரி முனையைக் காக்கப் புகுவோரும் இவ்வினாவையே முதலில் எழுப்ப வேண்டும். அலார்ம் கப்பலின் பழுப்புத்தாள் ஆணியைக் காத்ததே, அதனை முனைக்கும் கவ்விக்கும் இடையில் வைத்தால் என்ன? களிம்பு குறையலாம், மின்சாரமும் செல்லாது! ஆணியின் வேலை பிடித்திருத்தல். முனையின் வேலை மின்னைக் கடத்துதல். ஆகவே இங்கே காப்பு இருவகைப்பட வேண்டும். முனையும் கவ்வியும் பொருந்தும் உட்புறத்தில், உலோகத்தை உலோகம் இறுகத் தொட வேண்டும். வெளிப்புறத்திலோ, காற்றும் ஈரமும் அமிலமும் புகாதபடி அடைக்க வேண்டும்.

அவ்வாறு அடைப்பதற்கு ஏற்ற பொருள் விலை மலிந்தது. அதுதான் வாசலின் என்னும் பெட்ரோலியக் களி. பிளாந்தே பாட்டரியை அமைத்த அதே 1859-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவிலுள்ள டைட்டஸ்வில் என்னும் ஊரில் மண்ணெண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. அங்கே சென்ற ராபர்ட் செஸ்புரோ என்னும் வேதியியலார், எண்ணெய் இறைக்கும் தண்டுகளில் மெழுகு போன்றதொரு பசை ஒட்டிக்கொள்வதைக் கண்டார். தொழிலாளருக்கு அது தொல்லை. ஆயினும், தீப்புண்ணுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அதனைத் தடவிக்கொண்டனர். செஸ்புரோ அதனைத் தூய்மைப்படுத்தும் முறையைக் கண்டு, 1872-இல் காப்புரிமை பெற்றார். பனிக்காலத்தில் உதட்டு வெடிப்புக்குத் தடவும் அதே பொருள் பாட்டரி முனைக்கும் மருந்தாயிற்று.

வண்டிச் சக்கரத்துக்கு இடும் மசகைத் தடவினால் ஆகாதா என்று வினவலாம். மசகில் எண்ணெயைக் கெட்டியாக்கச் சவர்க்காரம் சேர்க்கின்றனர். அமிலம் பட்டால் அச்சவர்க்காரம் சிதையும். மசகு இளகி வழியும். பெட்ரோலியக் களியிற் சவர்க்காரம் இல்லை. முனையில் உள்ள அளவு அமிலத்தால் அது கெடாது. நீரும் அதனை ஊடுருவாது. ஆனால், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதையும் மறத்தலாகாது. களிம்பேறிய முனையின் மேலேயே களியை அப்பிவிட்டு, 'இனிக் கவலையில்லை' என்றிருப்போர் உளர். அது புண்ணைக் கழுவாமற் கட்டுப்போடுவதற்கு ஒப்பாகும். அடியிலிருக்கும் அமிலம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். கழுவி, உலர்த்தி, சுரண்டி, பொருத்தி, இறுக்கிய பின்னரே வெளிப்புறத்தில் மெல்லியதாகத் தடவ வேண்டும்.

வேலை தொடங்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, விளக்குகளை அணைத்துவிட வேண்டும். கையில் மோதிரமோ காப்போ இருந்தாற் கழற்றிவிட வேண்டும். இன்றைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். நேர்முனையை முதலிற் கழற்ற முனைந்து, ஸ்பானரின் மறுமுனை தவறி வண்டியின் உடலிற் பட்டதானால், பாட்டரி முழுதும் அந்த ஸ்பானரின் வழியே பாயும், இரும்பு செக்கச் சிவக்கும், தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே பொறி பட்டவுடன் வெடிக்க வல்லது. அவ்வெடிப்பில் அமிலம் முகத்தில் தெறித்துக் கண்ணிழந்தோர் உண்டு. ஆகவேதான் அம்முதியவர் அந்த அவசரத்திலும் எதிர்முனையை முதலிற் கழற்றினார். அதையே இறுதியிற் பொருத்தினார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டோ, தீக்குச்சி வெளிச்சத்திலோ பாட்டரியை அணுகுவது கூடவே கூடாது. கண்ணாடி அணிந்துகொள்வது நலம். அமிலம் தோலிற் பட்டால் உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணிற் பட்டால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

களிம்பைக் கழுவக் கொதிநீர் ஊற்றுவோர் பலர். மயில்துத்தம் கரைந்தோடும், ஆயினும், ஈயத்தின் வெண்பொடி நீரிற் கரையாது, அமிலமும் மடிவதில்லை, வேறிடத்துக்குப் பரவுகிறது. ஆப்பத்துக்கு இடும் சோடா உப்பை ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி கரைத்து ஊற்றுவதே தக்கது. உப்புக்கரைசல் அமிலத்தோடு கலந்து நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கினால் அமிலம் மடிந்தது என்று பொருள். பொங்குமளவும் சிறிது சிறிதாக ஊற்றலாம். ஆனால், அறைகளின் மூடிகள் இறுக மூடியிருத்தல் வேண்டும். சோடாக் கரைசல் உள்ளே புகுந்தால், பாட்டரிக்கு வேண்டிய அமிலத்தையே அது கெடுத்துவிடும். பின்னர் நல்ல நீரால் அலம்பி, உலர்ந்த துணியால் துடைத்து, கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் தேய்க்க வேண்டும். கழுவிய நீரிலும் சுரண்டிய பொடியிலும் ஈயம் உள்ளமையால், அதனைக் கிணற்றங்கரையிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ கொட்டலாகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். இறுக்குவதிலும் அளவுண்டு. கவ்வி கையால் திருகினால் அசையாதிருந்தாற் போதும். வலிந்து முறுக்கினால் மென்மையான ஈயமுனை நெரியும். அதன் அடியிலுள்ள அடைப்பு விரியும். அமிலம் ஏறப் புதுவழி பிறக்கும்.

இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து பார்ப்பதே போதுமானது. வீட்டு இன்வர்ட்டர் பாட்டரி மாடிப்படியின் அடியிலோ அலமாரியின் பின்புறத்திலோ ஒதுக்கப்பட்டுக் கிடப்பதால் பலர் அதனை நினைப்பதே இல்லை. விளக்கு அணைந்த பின்னரே அதனைத் தேடுகின்றனர். அறைகளில் வாலைநீரைக் குறியிட்ட அளவுக்கு மேல் ஊற்றினால், மின்னேற்றத்தின்போது பொங்கி வழியும். அளவறிந்து ஊற்றுவோர் வீட்டில் முனைகள் நெடுநாள் தூய்மையாக இருக்கக் காணலாம். நன்றாகக் கழுவிக் களி தடவிய பின்பும் சில நாட்களிலேயே பூ மீண்டும் பூக்குமாயின், நோய் வேறிடத்தில் உள்ளது. இரு முனைகளிலும் பூத்தால், மின்னேற்றம் அளவு மீறி நடைபெறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே முனையில் பூத்தால், அம்முனையின் அடைப்பை ஐயுற வேண்டும்.

அந்த வேனின் பாட்டரியை முதியவர் மறுநாள் பகலில் முறைப்படி கழுவிக் களி தடவிக் கொடுத்தார். பத்து நாட்களுக்குப் பின் ஓட்டுநர் மூடியைத் திறந்தபோது, நேர்முனையின் அடியில் மட்டும் நீலம் மீண்டும் அரும்பியிருந்தது. "நீங்கள் கழுவியது போதவில்லையோ, பெரியப்பா?" என்று கேட்டார். முதியவர் முனையின் அடிப்புறத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். தலைமயிர் அளவில் ஒரு விரிசல் முனையைச் சுற்றி ஓடிற்று. துடைத்த சிறிது நேரத்தில் அதன் விளிம்பில் ஈரம் மினுமினுத்தது. "இதை அடைக்க நம்மால் ஆகாது, தம்பி" என்றார். வண்டியை நம்பி நோயாளிகளை ஏற்றுபவர் அல்லவா? ஓட்டுநர் அன்றே பழைய பாட்டரியைக் கடையிற் கொடுத்து, அதன் ஈயத்துக்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு, புதியது ஒன்றை வாங்கி வந்தார். மூடியைத் திறந்து பொருத்துமுன், முதியவரிடமிருந்து வாசலின் சிமிழைக் கேட்டு வாங்கினார்.